பனிக்காலத்தில் பிறக்கும் குழந்தைக்கு எந்தத் துணி?

டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ குளிர்காலத்தில் பேரக்குழந்தை பிறக்கப்போகிறது என்றால், ஊரிலிருந்து பிள்ளைப்பேறு பார்க்கக் கிளம்பும் பாட்டியின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி, திருப்பூர்ப் பருத்தியில் தைத்த ஜபலாக்கள், கடைத்தெருவில் ‘உல்லன்’ என்று சொல்லி விற்ற ஸ்வெட்டர், குல்லா, காலுறை. அங்கே மகளோ மருமகளோ இணையத்தில் ஆர்கானிக் மெரினோ கம்பளி (மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் நுண்ணிய ரோமம்) உடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். விலையைக் கேட்டதும் வீட்டில் பேச்சு சூடாகும். சில மாதங்களில் சிறிதாகிவிடப் போகும் சட்டைக்கு இவ்வளவு பணமா? கம்பளி குத்தாதா? பிஞ்சுத் தோலுக்குப் பருத்தியை விட நல்லது உண்டா?

மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் விளம்பரங்களைப் படித்து இவற்றுக்குப் பதில் தேட முடியாது. ஆர்கானிக் கம்பளி விற்பவர்கள் எல்லா நன்மைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள்: குழந்தைக்கு நல்லது, ஆட்டுக்கு நல்லது, பூமிக்கு நல்லது. அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் உடலுக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் கம்பளி இழையின் நுண்மையிலிருந்து வருகிறது. ஆர்கானிக் என்ற முத்திரையின் நன்மையோ பெரும்பாலும் ஆட்டுக்கும், அதை மேய்ப்பவருக்கும், ஆலைக்குக் கீழே ஓடும் ஆற்றுக்கும் போகிறது. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்று இருப்பதாலேயே மற்றதும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஒப்பிட வேண்டிய துணிகள் நான்கு: ஆர்கானிக் மெரினோ கம்பளி, ஆர்கானிக் பருத்தி, அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டரில் செய்த ஸ்வெட்டரும் ஃப்ளீஸும், அண்மைக் காலமாக எங்கும் தென்படும் ‘மூங்கில்’ துணி.

கம்பளி குத்துமா?

நம்மில் பலருக்குப் பழக்கமான கம்பளி, தக்காணத்து ஆடுகளின் முரட்டு ரோமத்தில் நெய்த கருங்கம்பளிதான். மேய்ப்பவர்கள் தோளில் போட்டிருப்பது, மழைக்கும் வெயிலுக்கும் தாங்குவது, தொட்டால் முள்ளாய்க் குத்துவது. அதை நினைத்துக்கொண்டு ‘குழந்தைக்குக் கம்பளியா’ என்று பாட்டி தயங்கினால் அந்தத் தயக்கத்தில் தவறில்லை. அந்த ரோமத்தைக் குழந்தையின் தோலில் படவிடவே கூடாது.

குத்துவதற்குக் காரணம் இழையின் தடிமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் நுனி தோலில் பட்டால் வளையாது. ஊன்றி நின்று நரம்பு முனையைக் கிளறும். துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளில் இப்படித் தடித்தவை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலே பலருக்கு அரிப்புத் தெரியும். 18 மைக்ரான் அளவுள்ள மெரினோ இழையோ தோலில் பட்டதும் மடங்கிவிடும். மனிதத் தலைமுடியின் தடிமன் பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் அதன் நுண்மை புரியும். ‘எனக்குக் கம்பளி ஒவ்வாமை’ என்று சொல்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நேர்வது உண்மையான ஒவ்வாமை அல்ல, தடித்த இழையின் குத்தல்தான்.

தோல் அழற்சி (எக்ஸிமா) உள்ள குழந்தைகளுக்குப் பருத்தியைத் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு மெல்பர்னில் நடந்து 2017இல் வெளிவந்தது. லேசானது முதல் மிதமானது வரையிலான எக்ஸிமா உள்ள, மூன்று வயதுக்கு உட்பட்ட 39 குழந்தைகளுக்கு ஆறு வாரம் மிக நுண்ணிய மெரினோ உடையும் ஆறு வாரம் பருத்தி உடையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மெரினோ அணிந்த வாரங்களில் அழற்சி குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஆஸ்திரேலியக் கம்பளித் துறையின் நிதி பெற்றது. ஆகவே மெரினோவை எக்ஸிமாவுக்கு மருந்தாக எண்ண வேண்டியதில்லை. நுண்ணிய கம்பளி பிஞ்சுத் தோலுக்குப் பகை என்ற பழைய அச்சம் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் குழந்தைகளுக்கு உதவியது மைக்ரான் கணக்கு என்பது. ஆர்கானிக் முத்திரை குத்திய 28 மைக்ரான் கம்பளியும் உண்டு. அது குழந்தையை அழவைக்கும். தோலோடு ஒட்டிய உடை வாங்கும்போது 19.5 மைக்ரானுக்குக் கீழ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் ‘மென்மையானது’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்டும் பதில் இல்லையென்றால் துணியை உங்கள் கழுத்தின் பக்கவாட்டில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை இதற்கு உதவாது, அங்கே தோல் தடித்தது.

குளிரும் ஈரமும்

பிறந்த குழந்தையின் எடைக்கு அதன் தோல் பரப்பு மிக அதிகம். பெரியவர்களை விட வேகமாக வெப்பத்தை இழக்கும். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தோள்களுக்கு இடையிலும் முதுகிலும் சேர்ந்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு காக்கிறது. அதே குழந்தையை அளவுக்கு மேல் போர்த்தினால் அந்தச் சூட்டை வெளியேற்றவும் திணறும். எனவே குழந்தைத் துணிக்கு இரண்டு வேலை: குளிரைத் தடுக்க வேண்டும், வியர்வையை வெளியே விட வேண்டும்.

இந்த இரண்டாவது வேலையில்தான் துணிகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிகிறது. சாதாரண அறை நிலையில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வாங்கி வைத்திருக்கும். பருத்தி 8 விழுக்காடு. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. கம்பளி 30 விழுக்காடு வரை ஈரம் குடித்த பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். சுருண்ட இழைகளுக்கு நடுவே காற்று தங்கியிருப்பதால் ஈரமான பின்னும் சூடு காக்கும்.

பருத்தியின் குறை இங்கேதான். வறண்டிருக்கும்போது அதைப் போல இதமான துணி இல்லை. நனைந்தால் தோலில் ஒட்டிக்கொண்டு உடல் சூட்டை இழுக்கத் தொடங்கும். சென்னையில் அந்தக் குளிர்ச்சிதான் வேண்டும். பனிக்காற்றில் தள்ளுவண்டியில் படுத்திருக்கும் குழந்தைக்கு, வாயிலிருந்து வழிந்த பாலும் கழுத்து வியர்வையும் பட்டு ஈரமான பருத்தி உள்சட்டை ஆகவே ஆகாது. நார்வேயில் குளிர்காலத்திலும் குழந்தைகளைப் பகலில் வெளியே தள்ளுவண்டியில் தூங்கவைப்பது வழக்கம். அங்கே குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பும்போது உள்ளே கம்பளி என்பது எழுதப்படாத விதி. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பருத்தி உள்ளே, கம்பளி வெளியே என்ற நம் வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது என்பதுதான் புதிதாகப் போகிறவர்களுக்குக் கடினம். கம்பளியின் நன்மை முழுதாகக் கிடைப்பது அது தோலைத் தொடும்போதுதான்.

‘உல்லன்’ என்ற பெயரில் விற்பது

நம் ஊர்க் கடைகளில் குழந்தைகளுக்கென விற்கும் உல்லன் செட்டுகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக் இழை. ஊட்டி கமர்ஷியல் சாலையிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் தொங்கும் வண்ணக் குல்லாக்களிலும் அதுவே மிகுதி. விலை குறைவு, நிறம் மங்காது, மெஷினில் போட்டாலும் சுருங்காது. ஏழைக் குடும்பம் ஒன்று மலைக்குளிரில் குழந்தைக்கு அதைப் போட்டால் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குளிருக்கு எதுவும் இல்லாமல் இருப்பதை விட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கம்பளி என்று எண்ணிக் கம்பளிக்கு உரிய விலை கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தையலோரத்திலிருந்து ஓர் இழையை உருவி, குழந்தையும் துணியும் அருகில் இல்லாத இடத்தில், இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை விலக்கியதும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக்கோ உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும்.

கணப்பும் விறகடுப்பும் மெழுகுவத்தியும் உள்ள வீட்டில் இந்தச் சோதனைக்கு இன்னொரு பொருள் உண்டு. கம்பளி பற்றிக்கொள்ள ஏறத்தாழ 570 டிகிரி வெப்பம் வேண்டும், அதன் பிறகும் உருகாது. செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஆபத்தைச் சமாளிக்க அமெரிக்காவில் 1970களில் குழந்தைகளின் இரவு உடைகளில் டிரிஸ் என்ற தீத்தடுப்பு வேதிப்பொருளை ஏற்றினார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 1977இல் ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற அறிவியலாளர்கள் எச்சரித்து எழுதினார்கள்; அதே ஆண்டு அந்த உடைகளுக்குத் தடை வந்தது. எதையும் ஏற்றாமலே தீக்கு அஞ்சாத இழை கம்பளி. குழந்தையின் இரவு உடைக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சலவைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்த சோதனையில், ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இழைத்துகள்கள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பாலியெஸ்டரில் ஏறத்தாழ ஐந்து லட்சம். குழந்தை உள்ள வீட்டில் மெஷின் ஓயாது என்பதை எல்லோரும் அறிவோம். கம்பளியும் இழை உதிர்க்கும். ஆனால் அது முடியையும் நகத்தையும் போன்ற கெரட்டின் புரதம். மண்ணில் மக்கி நைட்ரஜனாகத் திரும்பிச் செல்லும்.

மூங்கில் துணியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சுக் கரைப்பானைப் பயன்படுத்தி இழுத்த விஸ்கோஸ்தான் அது. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் அதை ‘இயற்கை மூங்கில்’ என்று விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் பெருங்கடைகள் மீது 2022இல் லட்சக்கணக்கான டாலர் அபராதம் கோரி நடவடிக்கை எடுத்தது. ஆலையில் அந்தக் கரைப்பானை மூச்சில் வாங்கும் தொழிலாளியை நினைத்தால், அதற்குப் பச்சை இலைப் படம் போட்டு விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. இந்தப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுகிறேன்.

ஆர்கானிக் என்பதற்கு என்ன கொடுக்கிறோம்?

மீதி இருப்பவை கம்பளியும் பருத்தியும். சாதாரணக் கம்பளியை வாங்காமல் ஆர்கானிக்கைத் தேடி வாங்குவதால் என்ன மாறுகிறது?

முதலில் ஆட்டுக்கும் மேய்ப்பவருக்கும் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். செம்மறியாட்டின் ரோமத்தில் உண்ணியும் பேனும் சொறிப்பூச்சியும் சேரும். அவற்றைக் கொல்ல ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுப்பார்கள். பிரிட்டனில் 1992 வரை இது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. பயன்பட்டது நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து. தொட்டியருகே நின்று ஆட்டை முக்கிய விவசாயிகள் பலர், தங்கள் உடல்நலம் அதனால்தான் கெட்டது என்று பல ஆண்டுகள் போராடினார்கள். அதற்கு மாற்றாக வந்த சைபர்மெத்ரின் ஓடைகளில் கலந்து நீர்ப்பூச்சிகளை அழித்ததால், 2006இல் அதன் விற்பனையும் நிறுத்தப்பட்டது. ஆர்கானிக் வளர்ப்பில் இந்த முக்கல் கிடையாது. நிலத்துக்குத் தக்கபடிதான் ஆட்டின் எண்ணிக்கை, மேய்ச்சலை இடம் மாற்றுவது, நோய் வந்தால் மட்டும் மருந்து என்ற ஒழுங்கு இருக்கிறது.

அடுத்தது மியூல்சிங். ஆஸ்திரேலிய மெரினோவின் பின்புறத் தோல் மடிப்புகளில் ஈ முட்டையிட்டு, புழுக்கள் உயிரோடு சதையை அரிக்கும். அதைத் தடுக்க ஆட்டுக்குட்டியின் பின்புறத் தோலைப் பட்டையாக அறுத்தெடுப்பதே மியூல்சிங். நியூசிலாந்து 2018இல் இதைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் நடக்கிறது. ஒரு குட்டியைக் கதறவைத்து எடுத்த ரோமத்தில் இன்னொரு குட்டிக்குச் சட்டை தைக்க நான் விரும்பவில்லை. ஆகவே ‘மியூல்சிங் அற்றது’ என்ற சொல்லை அட்டையில் தனியாகத் தேடுங்கள். ஆர்.டபிள்யூ.எஸ். என்ற பொறுப்பான கம்பளித் தரச்சான்று இதற்கு உறுதி தரும். அது ஆர்கானிக் சான்று அல்ல. ஆனால் ஆர்கானிக் கிடைக்காத இடத்தில் நல்ல இரண்டாவது தேர்வு.

மூன்றாவது, ஆலை. இதைத்தான் மிகக் குறைவானவர்கள் கேட்கிறார்கள். மெஷினில் துவைத்தாலும் சுருங்காது என்று விற்கும் கம்பளியில் பெரும்பகுதி குளோரினால் செதில் கரைக்கப்பட்டு, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு பூசப்பட்டது. இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் கம்பளி சுருங்குகிறது. செதிலைக் கரைத்துவிட்டால் சுருக்கம் போய்விடும். கழிவுநீரில் குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் போய்ச் சேரும். ஜி.ஓ.டி.எஸ். என்ற உலக ஆர்கானிக் துணித் தரச்சான்று இந்தக் குளோரின் முறையை அனுமதிப்பதில்லை. சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் அது பார்க்கிறது. அந்தச் சின்னத்தோடு ‘ஆர்கானிக்’ என்று இருந்தால் இழையில் குறைந்தது 95 விழுக்காடு ஆர்கானிக். ‘ஆர்கானிக்கால் செய்தது’ என்றிருந்தால் குறைந்தது 70.

சான்று வயலோடு நிற்காமல் ஆலைக்குள்ளும் வர வேண்டியதன் தேவை தமிழர்களுக்கு விளக்கிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் நாம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. அந்தப் பட்டறைகளில் சாயமேறிய பருத்தி எவ்வளவு தூய வயலில் விளைந்திருந்தாலும் ஆற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் கம்பளியோ பருத்தியோ, குழந்தைக்குச் சாயம் ஏற்றாத வெண்பழுப்பு நிறத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

சான்றிதழும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு உரியதல்ல. இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலி ஆர்கானிக் சான்று காட்டப்பட்டதை 2020இல் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. உடையின் அட்டையில் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. எண் இல்லாமல் சின்னம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். ஓகோ-டெக்ஸ் 100 என்ற வேறொரு சின்னமும் தென்படும். அது முடிந்த துணியில் நச்சு எச்சம் உண்டா என்று சோதிக்கிறது; மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென முதல் வகுப்பு என்ற கடுமையான பிரிவும் அதில் உண்டு. குழந்தையின் தோலை மட்டும் நினைத்தால் இந்தச் சின்னம் பயனுள்ளது. வயலையும் ஆட்டையும் பற்றி அது எதுவும் சொல்லாது.

இனி கம்பளிக்கு எதிரான கணக்கு. செம்மறியாடு அசைபோடும் விலங்கு, மீத்தேன் விடும். ஒரு கிலோ கம்பளிக்கும் ஒரு கிலோ பருத்திக்கும் வெப்பவாயுக் கணக்குப் போட்டால் கம்பளியின் சுமை பலமடங்கு அதிகம். ஆர்கானிக்காக வளர்ப்பதால் ஆட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன் குறையப்போவதில்லை. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் நூறாண்டுக்கு மேலாக அளவு மீறி ஆடு மேய்த்ததில் புல்வெளிகள் பாலையாகிக் கிடக்கின்றன. ‘பூமிக்கு நல்லது’ என்று கம்பளி விளம்பரம் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போவதை இதனால்தான் நான் ஏற்கவில்லை.

அந்தச் சுமை நியாயமாவது ஒரே வழியில்: உடை குறைவு, பயன் அதிகம். கம்பளியில் இது நடக்கக்கூடியது. அதை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை. காற்றில் உலர்த்தினால் வாடை போய்விடும். நன்றாக இழுபடுவதால் ஒரே உடை பருத்தியை விட அதிக மாதம் பொருந்தும். ஒரு குழந்தைக்குப் பின் அடுத்த குழந்தைக்கும் வரும். இருபது பருத்திச் சட்டை வாங்கும் இடத்தில் மூன்று கம்பளிச் சட்டை போதுமென்றால் கணக்கு மாறும். இருபது பருத்தியோடு பத்துக் கம்பளியும் வாங்கி அலமாரியை நிரப்பினால் ஆர்கானிக் சின்னத்தால் யாருக்கும் நன்மையில்லை.

இதனால் என் முதல் பரிந்துரை புதிய ஆர்கானிக் கம்பளி அல்ல, ஒருமுறை அணிந்த பழைய மெரினோ. பழையதை உடுத்துவது நம் வழக்கத்துக்குப் புதிதில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், தாத்தா பாட்டியின் பழந்துணியில் முதலில் சுற்றுகிற வீடுகள் இன்றும் ஏராளம். அக்கா பிள்ளையின் சட்டையைத் தம்பி பிள்ளை அணிவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. குளிர்நாடுகளில் குழந்தைகளின் கம்பளி உடைகளுக்குப் பெரிய பழையபொருள் சந்தை இருக்கிறது. அங்கே ஆர்கானிக் உடையே பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். சாதாரண மெரினோவாக இருந்தாலும் ஏற்கெனவே வெட்டிய ரோமம். புதிதாக எந்த ஆட்டையும் அது கேட்கவில்லை.

யார் எதை வாங்கலாம்

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற வெப்ப ஊர்களில் கம்பளி வேண்டாம். அங்கே மெல்லிய பருத்திதான். முடிந்தால் ஆர்கானிக், முடியாவிட்டால் துவைத்த வேட்டித் துணி. வெப்பநாட்டில் வளரும் குழந்தைக்கு ஆர்கானிக் மெரினோ வாங்குவது ஆடம்பரம். ஏசி அறைக்கும் இரண்டடுக்குப் பருத்தி போதும்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலையூர்களில் பகலில் பருத்தி, இரவில் ஒரு நுண்கம்பளி உள்சட்டை என்ற சேர்க்கை பொருந்தும். மலையூர்க்காரர்களிடம் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆடு என்ற மென்ரோம இனத்தை அங்கே காப்பாற்றி வருகிறார்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோவை வளர்க்கிறது. சுற்றுலாப் பயணிகள் அந்த ஆடுகளோடு படம் எடுத்துக்கொண்டு, கீழே வந்து அக்ரிலிக் குல்லா வாங்கிச் செல்கிறார்கள். அந்த ரோமத்தை நூற்று, மேலங்கியாகவும் குல்லாவாகவும் போர்வையாகவும் உள்ளூரிலேயே விற்க முடிந்தால், ஆர்கானிக் சான்று வாங்கக்கூட வசதியில்லாத ஒரு மேய்ப்பருக்கு நியாயமான விலை கிடைக்கும். தோலோடு ஒட்டிய சட்டைக்கு மட்டும் இன்னும் நுண்ணிய இழை தேவைப்படும்.

கனடா, நார்வே, பிரிட்டன், ஜெர்மனி போன்ற இடங்களில் குளிர்காலத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கம்பளி உள்ளாடையில் செலவு செய்யலாம் என்று தயங்காமல் சொல்வேன். பாட்டி கொண்டுவந்த பருத்தி ஜபலாக்கள் வீட்டுக்குள் வெப்பமூட்டிய அறைக்கு நன்றாக உதவும். வெளியே போகும்போது மெரினோ உள்ளே, மேலே இன்னொரு கம்பளி அல்லது காற்றுத் தடுக்கும் உறை. அக்ரிலிக் செட்டை இந்த மேலடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம். தோலில் படாமல், காரில் ஏறும் வரை.

எந்தத் துணியானாலும் தூங்கும் குழந்தையை அளவுக்கு மேல் மூடாதீர்கள். பிரிட்டனில் குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி வரை பரிந்துரைக்கிறார்கள். நம் வீடுகளில் சளி பிடிக்குமே என்ற பயத்தில் 24 டிகிரி அறையில் குல்லாவும் காலுறையும் போர்வையும் சேர்ந்துவிடுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்கிறது. தலை வழியாகவும் குழந்தை சூட்டை வெளியேற்றுகிறது. ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோலைப் படுக்கையில் விரிப்பதும் கூடாது; மூக்கும் வாயும் அதில் புதைந்துபோகும். கையும் காலும் சில்லென்றிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள்: இதமாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும்.

துவைப்பதைப் பற்றிச் சிலருக்கு உள்ள பயமும் வேண்டாதது. வெதுவெதுப்பான நீர், கம்பளிக்கென்று விற்கும் சலவைத் திரவம், அலசிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தித் தட்டையாக விரித்தல், அவ்வளவுதான். சாதாரணச் சலவைத்தூளில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி இருக்கும். கம்பளியும் புரதம் என்பதால் அது துணியையே தின்னும். பால் வாடை வந்தாலோ மலக்கறை பட்டாலோ உடனே துவைக்க வேண்டும், மற்ற நாட்களில் சன்னலோரம் தொங்கவிட்டால் போதும். எடுத்து வைக்கும்போது துவைத்து, வெயில் காட்டி, இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். அந்துப்பூச்சி தேடி வருவது அழுக்குக் கம்பளியைத்தான். கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் தவிக்கும் தாய்க்கு இந்தக் கைச்சலவை கூடுதல் சுமைதான். அதைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் இன்னொருவர் இல்லையென்றால், குளோரின் முறையில் பதப்படுத்திய மெஷின் சலவைக் கம்பளியை அவர் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

பணம் ஒரே ஒரு கம்பளி உடைக்குத்தான் இருக்கிறது என்றால், கை நீண்ட, கீழே பொத்தான் வைத்த உள்சட்டையை வாங்குங்கள். அளவில் ஓர் எண் பெரியதாக, 19.5 மைக்ரானுக்குக் கீழ், சாயமேற்றாததாக இருக்கட்டும். கையைச் சுருட்டிவிட்டுப் போடத் தொடங்கினால் அந்தக் குளிர்காலம் முழுதும் வரும். குல்லாவும் காலுறையும் யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்துவிடுவார்கள்.